கறை பிடிக்காத மைக்கா

இந்த வருடம் எங்கள் ஸ்டுட்கார்ட் தெருவில் எல்லாரும் நிலவறையில் பார் கட்டுகிறார்கள். இன்று நான் வாடகைக்கு இருக்கும் வீட்டின் உரிமையாளர் தன் பாருக்கு மேல்பலகை தேர்ந்தெடுத்தார்.

வெள்ளை மைக்காத் துண்டின் மேல் சிவப்பு ஒயின் ஊற்றினார், சிகரெட்டை அழுத்தினார். துடைத்ததும் பளிச்சென்று இருந்தது.

"இதுல எதுவுமே ஒட்டாது. உங்க ஊர்ப் பொருள் இருந்தாலும் கொண்டு வாங்க!"

அம்மா கப்பல் பார்சலில் அனுப்பிய மஞ்சள்தூளை எண்ணெயில் குழைத்துத் தடவினேன்.

கால்மணி நேரம் கழித்துத் தேய்த்தார். சோப்பு போட்டார், பெட்ரோல் ஊற்றினார். மஞ்சள் அசையவில்லை.

தொப்பியைக் கழற்றி, "அற்புதம்! இதை எதுக்குப் பயன்படுத்துறீங்க?" என்றார்.

சாப்பிடத்தான் என்று சொல்லத் துணிவில்லை. "பெயிண்ட்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை அவர் என் அறைக்குச் சாம்பார் சாப்பிட வருகிறார். யாராவது யோசனை சொல்லுங்கள்.