லிஃப்ட்காரரின் தொப்பி

கணினியில் எண்டர் தட்டுவதற்கு முன், அவர் தலையில் இல்லாத தொப்பியை ஒருமுறை சரிசெய்துகொள்வார். பிறகு ஆள்காட்டி விரலால் ஓர் அழுத்து. திரையில் சிவப்பு எழுத்தில் பிழை வந்து விழும். "வாங்க வாங்க, இன்னும் காணமேன்னு பாத்தேன்" என்பார், விருந்தாளியை வரவேற்பதுபோல.

லிஃப்ட் பழுதுபார்ப்பது தொழில். அடுக்குமாடிகளின் உச்சியில், மோட்டார் அறைகளில் பாதி ஆயுள் போயிற்று. ஊரையே மேலே ஏற்றிவிட்டவர், தனக்கு மட்டும் தரைத்தளத்து வீடுதான் வேண்டுமென்று அடம்பிடித்தார். "லிஃப்ட நம்பி எவன் குடியிருப்பான்?"

ஞாயிறு மதியங்களில் பைத்தான் என்ற கணினி மொழி கற்கிறார். காரணம், ஒரு நாடகம். கம்பெனி ஆண்டுவிழாவில் ஒருகாலத்தில் போட்டது. நின்றுபோன லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்ட ஓர் இன்ஸ்பெக்டரும், திருடி என்று அவர் சந்தேகப்படும் ஒரு பெண்ணும். போலீஸ் தொப்பியோடு இன்ஸ்பெக்டர் இவர். அந்தப் பெண், கம்பெனியின் டெலிபோன் ஆபரேட்டர். பின்னாளில் இவர் மனைவி. தன் வசனத்தை இன்றும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். அவளுடையது ஒரு வரிகூட நினைவில்லை. "அவ பேசறப்ப நான் எங்க கேட்டேன்? பாத்துக்கிட்டுல்ல இருந்தேன்!"

மனைவியோ, "எனக்கும் எல்லாம் மறந்துபோச்சுங்க, விடுங்க" என்று கையை விரித்துவிட்டாள். இருவருமாக இன்னொரு தடவை அதைப் பேசிப் பார்த்துவிட வேண்டும் என்பது அவர் ஆசை. அவளுடைய பாதி ஒரு பழைய கோப்பில், யாரும் இப்போது பயன்படுத்தாத எழுத்துருவில் கிடந்தது. இன்றைய கணினியில் திறந்தால் ஏதோ பூச்சி ஊர்ந்த தடம்.

"பட்டன் அதேதாங்க. மாடிதான் மாறிப்போச்சு" என்று கேட்டவர்களுக்கெல்லாம் விளக்குவார். "அப்ப இந்த நம்பர அமுக்குனா கதவத் தெறந்துக்கிட்டு 'அ' வந்து நிக்கும். இப்ப வேற எவனோ நிக்கிறான்."

முதலில் பைத்தான் அந்தக் கோப்பைப் படிக்கவே மறுத்தது. இணையத்தில் யாரோ சொன்னதைக் கேட்டு, 'புரியாததை விட்டுவிடு' என்று ஒரு கட்டளை சேர்த்தார். பிழை போயிற்று. கூடவே தமிழும் போயிற்று. மிஞ்சியவை கேள்விக்குறிகளும் ஆச்சரியக்குறிகளும்தான். போதாக்குறைக்கு, பழைய கோப்பின் மேலேயே அதைச் சேமித்தும் தொலைத்தார்.

எட்டிப் பார்த்த மனைவி, "அட, நம்ம குடும்பம் அப்படியே இருக்கே! கேள்வியெல்லாம் நீங்க, ஆச்சரியமெல்லாம் நான்" என்றாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றைக்குச் சாப்பிடக் கூப்பிட்டபோதும் வரவில்லை.

நாடகம் எழுதிய பழைய ஸ்டோர் கீப்பரிடம் அதே எழுத்துருவில் வேறொரு பிரதி இருந்தது. "கடைசி வசனம் மட்டும் இதுல இருக்காதுடா. மேடையேறுற அன்னிக்குத்தான் அத உன் பொண்டாட்டி காதுல சொன்னேன். அப்புறம் உங்கிட்ட இருந்த காப்பியிலதான் சேத்தேன். அவ அதச் சொன்னதும் நீ மரமாட்டம் நின்னே. படுதாவ இறக்கிட்டோம்."

"என்ன சொன்னா?"

"யாருக்குடா ஞாபகமிருக்கு?"

இருக்கிறவரை போதும் என்று மறுபடி உட்கார்ந்தார். எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்று மாடி மாடியாக அட்டவணை போட்டார். பழைய எழுத்துருவில் கொம்பு எப்போதும் எழுத்துக்கு முன்னால் முந்திக்கொண்டு நின்றது; புதியதிலோ எழுத்தை முதலில் கொடுத்தால்தான் கொம்பு தன் இடத்தில் போய் நிற்கும். "மொதல்ல ஆளு ஏறட்டும், அப்புறம் நீ" என்று அதைப் பின்னுக்குத் தள்ள ஒரு வரி எழுதினார்.

போன ஞாயிறு, தொப்பியைச் சரிசெய்துகொண்டு எண்டர் தட்டினார். சிவப்பு வரவில்லை. வரிவரியாகத் தமிழ் இறங்கியது. இரண்டு பேர் வசனத்தையும் அவரே உரக்கப் படித்தார், அவளுடையதைக் குரலைத் தாழ்த்தி. மனைவி அதே அறையில் துணி தேய்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் இன்ஸ்பெக்டர் சொல்கிறார்: "கதவு தெறந்துடுச்சு. நீங்க போகலாம்." அதற்குக் கீழே ஒன்றுமில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

சட்டைக் கையின் மடிப்பிலிருந்து பார்வையை எடுக்காமல், மேடையில் பேசுகிற குரலில் மனைவி சொன்னாள்: "மொதல்ல அந்தத் தொப்பியக் கழட்டுங்க. யார்கிட்ட பேசறேன்னு எனக்குத் தெரியணும்."

அவர் எழுந்தார். இரண்டு கையாலும் தலையிலிருந்து தொப்பியை எடுத்தார். எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார். அவள் இஸ்திரிப் பெட்டியைச் சற்று நகர்த்தி, மேசையில் இடம் விட்டாள்.