உள்ளங்கை அகல வெறும் இரும்பு

பன்னிரண்டு வயதில் நான் எழுதிய கொப்பி இன்னும் என்னிடம் இருக்கிறது. ஒரு நாளைக்கு மூன்று வரி என்பது அன்றே நான் வைத்துக்கொண்ட அளவு. ஒரு பக்கத்தில் இப்படி எழுதியிருக்கிறேன்: "காலை தோசை. சித்தப்பா யாழ்ப்பாணம் போனார். அவர் பூச மறந்த இடத்துக்கு நான் பெயின்ற் பூசினேன்."

வல்வெட்டித்துறையில் எங்கள் வீட்டுக்கும் கடலுக்கும் இடையில் ஓர் ஒழுங்கை மட்டுந்தான். வெறும் இரும்பு அங்கே ஒரு கிழமை தாங்காது. கேற்றின் பிணைச்சல், நங்கூரம், கிணற்று வாளியின் காது என்று எதில் பெயின்ற் உரிந்தாலும் அன்றே பூசிவிட வேண்டும் என்பது அப்பாவின் சட்டம். அந்த வேலை என்னுடையது. ஓரம் தாண்டாமல் பூசுவேன் என்பதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது. சித்தப்பா என்னைப் 'பெயின்ரர் அம்மா' என்றுதான் கூப்பிடுவார்.

போர் ஓய்ந்து பாதை திறந்திருந்த சமாதான காலம் அது. சித்தப்பா பழைய ஜப்பான் கார் ஒன்றை வாங்கி வாடகைக்கு ஓடினார். ஓடாத நேரமெல்லாம் பொனற்றைத் திறந்துவைத்துக்கொண்டு நிற்பார். சித்தி குசினி வாசலில் நின்று, "இஞ்சருங்கோ, உதுக்குச் செய்யிற சேவகத்திலை பாதியை எனக்குச் செய்தா நான் ஏன் கத்தப்போறன்?" என்பாள். "நீ ஓயில் மாத்தாமலே ஓடுவாய்" என்பார் அவர். கலியாணம் முடித்து இரண்டு வருடம்.

அந்த முறை மாற்ற வேண்டியிருந்தது எஞ்சினுக்குப் பொறி கொடுக்கும் மொடியூல் என்ற சிறிய கறுப்புப் பெட்டி. சித்தப்பா பழையதைக் கழற்றினார். அது இருந்த இடத்தை மண்தாளால் தேய்த்து, உள்ளங்கை அகலத்துக்கு இரும்பு பளபளக்கச் செய்தார். எர்த் கம்பி பூட்டும் இடத்தையும் அப்படியே தேய்த்தார். பிறகு, புதிய பெட்டியின் அடியில் பூசும் வெள்ளைப் பசை வாங்க யாழ்ப்பாணம் பஸ் ஏறினார்.

நான் பொனற்றுக்குள் எட்டிப் பார்த்தேன். வெறும் இரும்பு. பின்னேரம் உப்புக்காற்று எழும்பினால் கறள் பிடித்துவிடும். அப்பா நங்கூரத்துக்கு வாங்கிய சில்வர் பெயின்ற் பேணியில் அரைவாசி மிச்சம் இருந்தது. இரண்டு இடத்துக்கும் மெல்லியதாக இரண்டு பூச்சுப் பூசினேன். காய்ந்த பிறகு தேய்த்த இரும்புக்கும் என் பெயின்றுக்கும் வித்தியாசமே தெரியவில்லை.

அடுத்த நாள் காலை சித்தப்பாவுக்கும் தெரியவில்லை. பசையைத் தடவி, பெட்டியை வைத்து, ஆணியை இறுக்கினார். கார் முதல் திருப்பிலேயே பிடித்தது. அன்று ஊருக்குள் இரண்டு கிட்டிய ஓட்டந்தான்; எங்கும் நிற்கவில்லை.

இன்று எனக்குத் தெரிந்தது இது. அந்தப் பெட்டி வேலை செய்யச் செய்யச் சூடாகும். சூடு இறங்குவது அடியில் இருக்கும் வெறும் இரும்புக்குத்தான். எர்த் இறுக்கிய ஆணி வழியாகவும் கிடைத்துவிடும்; சூட்டுக்கு வேறு வழி இல்லை. நடுவில் பெயின்ற் இருந்தால் சூடு உள்ளேயே நின்றுவிடும். கொஞ்சத் தூரம் ஓடும், கொதிக்கும், நிற்கும். ஆறினால் மறுபடி ஓடும்.

மூன்றாம் நாள், நடுப்பகல். பின்வளவில் கிடந்த பழைய வலைக்குவியலைச் சித்தி இழுத்தபோது புடையன் பாம்பு கொத்திவிட்டது. அப்பா கடலில். பக்கத்து ஆஸ்பத்திரியில் முதல் மருந்தை ஏற்றிவிட்டு, உடனே யாழ்ப்பாணம் கொண்டுபோக வேண்டும் என்றார்கள். அங்கிருந்த அம்புலன்ஸ் வேறொரு நோயாளியோடு போயிருந்தது. அரை மணித்தியாலத்தில் வந்துவிடும் என்றார்கள்.

"ஏன் நிப்பான்? என்ரை கார் நிக்குது" என்றார் சித்தப்பா.

பின் சீற்றில் அம்மாவின் மடியில் சித்தி. முன்னால் தண்ணீர்ப் போத்தலுடன் நான். வல்லை வெளியின் நடுவில் கார் ஒரு முறை இருமிவிட்டு நின்றது. இரண்டு பக்கமும் உப்புத் தரை. ஒதுங்க ஒரு மரம் இல்லை. சித்தப்பா பொனற்றைத் திறந்து பெட்டியில் விரலை வைத்தார். உடனே விரலை இழுத்துக்கொண்டார்.

"தம்பி, என்ன?" என்றாள் அம்மா.

"கொதிக்குது அண்ணி. புதுச் சாமான். ஏன் கொதிக்குதெண்டு விளங்கேல்லை."

என் கையிலிருந்த போத்தலை வாங்கித் துவாயை நனைத்துப் பெட்டியின் மேல் போட்டார். றோட்டில் ஒரு சைக்கிள்கூட வரவில்லை. சித்தியின் கால் முழங்கால்வரை வீங்கியிருந்தது. "இஞ்சருங்கோ" என்று அவள் கூப்பிட்டாள். "உங்கடை பெரிய பெண்சாதிக்கு என்னவாம்?" அவளுடைய பல் முரசில் இரத்தம் கசிந்திருந்ததை நான் அப்போது பார்த்தேன்.

கார் மறுபடி பிடித்தது. நீர்வேலிக்குக் கிட்ட மறுபடி நின்றது. வாழைத் தோட்டத்தில் நின்ற ஒரு கமக்காரர் ஓடிவந்தார். சூடுதான் காரணம் என்று கேட்டதும், ஈரம் ஊறிய வாழை மடல் ஒன்றை வெட்டிக்கொண்டு வந்து கொடுத்தார். சித்தப்பா அதைப் பெட்டியோடு சேர்த்துக் கையால் அமத்திப் பிடித்தபடி நின்றார். அம்மா முன்னால் வந்து சாவியைத் திருப்பிக்கொண்டே இருந்தாள். பிடிக்கவில்லை. "தம்பி, உதை விட்டிட்டு வாங்கோ" என்று கமக்காரர் கத்திய பிறகுதான் சித்தப்பா கையை எடுத்தார். தோட்ட வாசலில் வாழைக்குலை ஏற்றிக்கொண்டிருந்த லொறியில் பாதிக் குலைகளை இறக்கிவிட்டுச் சித்தியைக் கிடத்தினார்கள்.

ஒன்பதாம் நாள் சித்தி செத்துப்போனாள். சிறுநீரகம் இரண்டும் நின்றுவிட்டன. நேரம் போய்விட்டது என்று டொக்டர் சொன்னதாக அம்மா வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்த மறுநாள், நீர்வேலியிலிருந்து இழுத்துவந்து நிறுத்தியிருந்த காரின் பொனற்றைச் சித்தப்பா திறந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன். பெட்டியைக் கழற்றி, பசையைப் பெருவிரலால் வழித்தார். அடியில் பளபளப்பாகத்தான் இருந்தது. கத்தி நுனியால் கீறினார். வெள்ளித் தோல் ஒன்று சுருண்டு எழும்பியது.

வேலையைப் பார்த்துவிட்டார் என்று எனக்குச் சந்தோசம். "அது நான்தான் சித்தப்பா பூசினது. நீங்கள் மறந்துபோனியள்" என்றேன்.

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். நிமிடக் கணக்கில் பார்த்ததாக ஞாபகம். அதில் என் ஞாபகத்தை நான் நம்புவதில்லை.

"ஆருக்கும் சொன்னனியோ?"

"இல்லை."

"கறள் பிடிக்குமெண்டு பூசினனி, என்ன?"

"ஓம்."

"நல்லாய்ப் பூசியிருக்கிறாய்" என்றார். "ஒருத்தருக்கும் சொல்லாதை. அம்மாவுக்கும் சொல்லாதை. பேணியைக் கொண்டா."

ஓடிப்போய்க் கொண்டுவந்தேன். அவர் அதை வேலிக்கரை மணலில் கவிழ்த்து ஊற்றினார். காலால் மணலைத் தள்ளி மூடினார். அன்று பின்னேரம் அப்பா கேட்டபோது, "சாமான் பழுது அண்ணை. அவசரத்திலை பாராமல் வாங்கிப்போட்டன்" என்று சொன்னார். கேட்ட எல்லோருக்கும் அதையேதான் சொன்னார். அம்புலன்ஸுக்கு நிற்காமல் போனதற்காகச் சித்தியின் தாய் முற்றத்தில் நின்று மண் அள்ளித் தூற்றியபோதும் அதற்கு மேல் ஒரு சொல் சொல்லவில்லை. காரை விற்றார். சாகும்வரை வேறொன்று வாங்கவில்லை.

பெயின்ற் பூச மறந்த வெட்கத்தால்தான் அவர் என் வாயை அடைத்தார் என்று நான் நினைத்தேன். பல வருடம் கழித்து, சாவகச்சேரியில் ஒரு மெக்கானிக் என் வான் வண்டிக்கு அதே போன்ற பெட்டியை மாற்றினார். பெயின்றைச் சுரண்டி இரும்பை வெளியே எடுத்தபோது, ஏன் என்று கேட்டேன். அவர் சொல்லி முடிக்குமுன் நான் போய் வீதியோரத்தில் குந்திவிட்டேன்.

பேணியை ஊற்றிய நாளுக்கும் கொப்பியில் மூன்று வரி இருக்கிறது. கையெழுத்து ஒழுங்காகவே இருக்கிறது.

"காலை புட்டு. சித்தப்பா என் வேலையை நல்லது என்றார். ஆனால் அரைப் பேணி பெயின்றை வீணாக்கிவிட்டார்."