ஆரத்தித் தட்டு ஏறிய வேகம்

1. அண்ணன் கீழே கோட்டைத் தாண்டிப் புறப்பட்டான்.
2. அவன் கடைசி வளைவுக்கு வந்து சேரும் முன்பே மேலே கடிகாரம் நின்றுவிட்டது.
3. இந்தப் பாதையில் இதுவரை யாரும் ஏறாத வேகத்தில் அவன் ஏறிவிட்டதாக ஒலிபெருக்கி அறிவித்தது.
4. மலை முழுவதும் கைதட்டியது.
5. அதற்குப் பிறகு கார் வந்தது.

ஐந்தாவது நடந்த பிறகுதான் இரண்டாவது நடந்திருக்க வேண்டும். நான் படித்த படிப்பும் செய்கிற வேலையும் அந்த வரிசையைக் காப்பாற்றுவதற்குத்தான்.

எங்கள் தோட்டம் அக்கரப்பத்தனைப் பக்கம். தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து மேல்மலை மடுவம் வரை, அதாவது கொழுந்து நிறுக்கும் கொட்டகை வரை, ஒரு தார் ரோடு வளைந்து வளைந்து ஏறுகிறது. வெள்ளைக்காரத் துரைமார் அதை வெட்டச் சொன்னது கொழுந்து இறக்குவதற்காக. ஞாயிற்றுக்கிழமைகளில் அதே ரோட்டில் யார் சீக்கிரம் ஏறுவது என்று தங்களுக்குள் பந்தயம் கட்டிக்கொண்டார்களாம். வேலைக்கும் விளையாட்டுக்கும் ஒரே ரோடு, துரைமார் சிக்கனமானவர்கள். அவர்கள் கப்பலேறிய பிறகும் பந்தயம் ஏறவில்லை, இங்கேயே தங்கிவிட்டது. நாட்டில் கலவரம் என்றால் நிற்கும், அடங்கினால் மறுபடி தொடங்கும். பெட்ரோலுக்கு எல்லோரும் வரிசையில் நின்ற வருடத்தில் அந்த ரோட்டில் ஏறியவை எங்கள் மாடுகள் மட்டுமே. நேரத்தைப் பற்றி அவற்றில் ஒன்றும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

இப்போது நுவரெலியா சீசனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடக்கிறது. கார்கள் ஒன்றாக ஓடுவதில்லை. ஒவ்வொன்றாகத் தனியே ஏறும், எதிராளி கடிகாரம்தான். கீழே ஒரு கோடு, மேலே ஒரு கோடு. இரண்டு இடத்திலும் ரோட்டுக்குக் குறுக்கே, கிட்டத்தட்ட முழங்கால் உயரத்தில், கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கதிர் ஒன்று போகும். கார் கீழே கதிரை அறுத்தால் கடிகாரம் ஓடும், மேலே அறுத்தால் நிற்கும். மேல் கதிர் என் பொறுப்பு. ஹட்டனில் மின்னணுவியல் படித்துவிட்டு பொல்பிட்டியப் பக்கம் ஒரு மின்நிலையத்தில் அளவீட்டுக் கருவிகளைப் பார்த்துக்கொள்கிறேன். முன்பு இந்த வேலைக்குக் கொழும்பிலிருந்து ஒருவரைக் கூட்டி வருவார்கள். கருவி பற்றி அவருக்குத் தெரியாதது இல்லை. ஆனால் எங்கள் வளைவுகளில் ஏறி முடிக்கும்போது அவர் முகம் பச்சைக் கொழுந்து நிறத்துக்கு வந்திருக்கும். இரண்டு வருடம் பொறுத்துப் பார்த்துவிட்டு என்னைக் கேட்டார்கள்.

அண்ணன் ஹட்டனில் ஒரு கராஜில் மெக்கானிக். பல வருடங்களாக அடுத்தவர்களின் பந்தயக் கார்களுக்கு அடியில் படுத்திருந்தவன், இந்த வருடம் உள்ளே உட்காரப் பெயர் கொடுத்தான். எங்கள் லயத்திலிருந்து, தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் வீட்டு வரிசையிலிருந்து, அப்படிக் கொடுத்த முதல் ஆள் அவன்தான். கைவிடப்பட்ட மூன்று கார்களிலிருந்து ஒன்றைச் சேர்த்திருந்தான். கதவு ஒரு நிறம், பொனட் இன்னொரு நிறம், மிச்சம் துரு.

புதிய ஓட்டுநருக்கு ஒரு நிபந்தனை உண்டு. அன்றைக்குள் ஒரு முழு ஏற்றமாவது நேரத்தோடு பதிவாக வேண்டும். பதிவானால் அடுத்த வருடத்திலிருந்து பட்டியலில் அவனுக்கு நிரந்தர இடம். இல்லாவிட்டால் மறுபடியும் யாராவது ஒரு பெரிய ஓட்டுநரின் சிபாரிசைத் தேடிப் போக வேண்டும். ஒரு சிபாரிசு வாங்கவே அவனுக்கு நாலு சீசன் ஆகியிருந்தது. காலை ஓட்டத்தில் எல்லோரும் ஏறியபோது அவன் வழக்கமான இடத்தில், காருக்கு அடியில் இருந்தான்.

"கிளட்ச் வழுக்குது தங்கச்சி. ஒரு தடவ ஏறிரும். ரெண்டாவது தடவன்னா அது மனசு வெக்கணும்."

"ஒரு தடவ போதும்ண்ணே."

மேலே என் பக்கத்தில் நேரம் பதிவு செய்பவர் நகரத்துப் பள்ளியின் கணித ஆசிரியர், யாழ்ப்பாணத்துக்காரர். மலைநாட்டுக்கு வந்து எத்தனையோ வருடம் ஆகியும் அவருடைய பேச்சில் ஒரு துளி மூடுபனி படியவில்லை.

"பிள்ளை, அண்ணன் எண்டு ஒரு செக்கனும் குறையக் கூடாது, விளங்குதோ?"

"விளங்குது சேர்."

"நேர்மை எண்டு காட்டுறதுக்காகக் கூடவும் கூடாது."

அத்தையைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். அப்பாவின் அக்கா; மேல்மலையில் கொழுந்தெடுக்கும் பெண்களின் தலைவி என்று யாரும் நியமிக்கவில்லை, யாரும் மறுக்கவும் இல்லை. எங்கள் தோட்டத்தில் புதிதாக ஒரு டிராக்டரோ லொறியோ வந்தால், அது முதன்முதலாக மடுவத்துக்கு ஏறும்போது பெண்கள் ஆரத்தி எடுத்து வரவேற்பார்கள். அதற்குப் பிறகுதான் அதில் கொழுந்து ஏற்றுவது. அண்ணனுடைய காரும் மடுவத்துக்கு முதன்முதலாக வருகிறது. அத்தைக்கு இதில் யோசிக்க எதுவும் இல்லை.

கடைசி வளைவுக்குக் கீழே எஞ்சின் சத்தம் கேட்டதும் அத்தை தட்டோடு தயாரானார். மேல் கோட்டுக்குப் பக்கத்தில், பார்வையாளர்களுக்காகக் கட்டிய கயிற்றுக்குப் பின்னால்தான் நின்றார். மஞ்சள் நீரும் சுண்ணாம்பும் கலந்த சிவப்பு, நடுவில் கற்பூரம். ஒத்திகை பார்ப்பது போலத் தட்டை முதலில் ஒரு பெரிய சுற்று சுற்றினார். அது தாராளமான சுற்று. மேலே தலை வரை போய், கீழே முழங்கால் வரை இறங்கி, கையோடு ரோட்டுக்கு மேல் நீண்டு வந்தது. கடிகாரம் நின்றது.

ஒலிபெருக்கிக்காரர் திரையில் வந்த எண்ணை முதலில் சிங்களத்தில் சொன்னார், பிறகு நம்ப முடியாமல் ஆங்கிலத்தில் சொன்னார். இலட்சக்கணக்கில் செலவழித்த கார்களோடு வந்தவர்கள் தலைக்கவசத்தைக் கழற்றிக்கொண்டு திரும்பிப் பார்த்தார்கள். கைதட்டல் ஓய்வதற்குள் அண்ணனுடைய மூன்று நிறக் கார் வளைவில் தலைகாட்டி, கோட்டைத் தாண்டி, கருகிய வாடையோடு நின்றது.

சேர் பேனாவை மூடினார். "பிள்ளை, உந்த நேரத்தை நான் எழுதலாமோ?"

"எழுத ஏலாது சேர். கார் வாறதுக்கு முந்தியே கதிர் அறுந்திருச்சு."

"எது அறுத்தது?"

நான் அத்தையைக் காட்டினேன். அத்தை தட்டிலிருந்த சிவப்பைத் தொட்டு பொனட்டுக்குப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தார்.

அண்ணன் இறங்கி வந்தான். ஒலிபெருக்கியில் அவன் பெயர் இன்னும் போய்க்கொண்டிருந்தது. என் முகத்தைப் பார்த்தான்.

"பொய்யா?"

"பொய்தான்ண்ணே. கதிரை அத்தையோட தட்டு அறுத்துச்சு."

திரும்பிக் காரைப் பார்த்தான். பிறகு, "பரவால்ல, ரெக்கார்டு சொந்தத்துக்குள்ளதான் போயிருக்கு" என்றான். சிரித்தான்தான், ஆனால் கண் காரின் அடியிலிருந்து வந்த புகையிலேயே இருந்தது.

நான் அத்தையிடம் போனேன்.

"கயித்துக்கு உள்ள கால் வெச்சேனா?" என்றார், நான் வாயைத் திறக்கும் முன்பே.

"இல்ல அத்தை."

"அந்தச் சட்டத்த எழுதி ஒட்டுனது யாரு?"

"நாந்தான்."

"கையப் பத்தி அதுல ஏதாச்சும் இருக்கா?"

இல்லை. பார்வையாளர்களுக்கான விதிகள் என்று ஏழு எழுதியிருந்தேன். எல்லாம் கால்களைப் பற்றியவை.

"ஒரு சுத்துக்கே கடியாரம் நிக்குதுன்னா, நாளைக்கு பெரட்டுக்கு முன்னாலயும் எடுக்குறேன். கொஞ்சம் லேட்டா எந்திரிக்கலாம்" என்றார் அத்தை. பின்னால் நின்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அதிகாலை ஆள்கணக்குக்கு ஓடுகிறவர்களுக்கு அது நியாயமான ஆசைதான்.

"அத்தை, இந்த ஏத்தம் கணக்குல சேராது. அண்ணன் இன்னொரு தடவ ஏறணும். கிளட்ச் தாங்குமான்னு தெரியல."

அப்போதுதான் அத்தையின் முகம் மாறியது. தட்டை அப்படியே தரையில் வைத்துவிட்டார்.

கருவி தவறினால் மறு ஓட்டம் கொடுக்கலாம் என்பது விதி. சேர் கொடுத்தார். ஆனால் வளைவுகளில் நிற்கும் கொடிக்காரர்கள் ஒருவரையொருவர் பார்க்க முடியாத அளவுக்கு மூடுபனி இறங்கினால் பந்தயம் முடிந்தது என்பதும் விதி. எதிர்மலை ஏற்கெனவே மறைந்துகொண்டிருந்தது.

அண்ணன் எஞ்சினை அணைத்து, பிரேக்கை மட்டும் நம்பிக் காரைக் கீழே உருட்டிக்கொண்டு போனான். கிளட்ச் ஆறட்டும் என்று. நான் கதிரைச் சோதித்தேன், கயிற்றை இரண்டு கை நீளம் பின்னால் தள்ளிக் கட்டினேன். எவரும் முணுமுணுக்கவில்லை.

இரண்டாவது முறை அவன் புறப்பட்டதை வோக்கிடோக்கியில் சொன்னார்கள். முதல் வளைவுகளை நன்றாகத்தான் ஏறினான். பிள்ளைக்காம்பரா வளைவில், வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச் செல்லும் அந்தச் செங்குத்தான இடத்தில், எஞ்சின் கத்தியது, கார் நகரவில்லை. கிளட்ச் மனசு வைக்கவில்லை. அவன் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, கிளட்சை மறுபடி மெதுவாக விட்டு, சக்கரத்துக்கு ஒரு சுற்று, ஒரு சுற்று என்று கேட்டு வாங்கிக்கொண்டு ஏறினான். பெண்கள் குறுக்குப் பாதையில் இறங்கிப் போய், கயிற்றுக்கு வெளியே அவனோடு கூடவே நடந்தார்கள். நடந்தே அவனை முந்திவிடாமல் இருக்கச் சிலர் நின்று நின்று போக வேண்டியிருந்தது.

"தம்பி, பின்னால கொழுந்து லொறி வருது, வழி விடு."

"கூடையையும் ஏத்திக்கிறியா? நீ எப்படியும் மெதுவாத்தான போற."

தள்ளக் கூடாது என்று எல்லோருக்கும் தெரியும். ஒருத்தியும் தொடவில்லை. அத்தை மட்டும் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தார்.

மேல் கொடிக்காரர் கண்ணுக்கு மங்கலானபோது கார் கோட்டைத் தொட்டது. காரின் மூக்கு கதிரை அறுத்தது. கடிகாரம் நின்றது. கார் இன்னும் ஓர் அடி நகர்ந்து, பின்பு நகரவே இல்லை.

சேர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இதை எழுதலாமோ?"

"எழுதுங்க சேர்."

எழுதினார்.

அண்ணனுடைய பிரிவில் அதுதான் மிக மெதுவான நேரம். நேரம் பதிவாகிவிட்டதால் அடுத்த வருடப் பட்டியலில் அவன் பெயர் நிபந்தனையில்லாமல் இருக்கிறது. கார் கராஜின் பின்புறம் நிற்கிறது. கிளட்ச் இன்னும் கழற்றியபடியே கிடக்கிறது.