அக்காவின் நாவலில் என் தம்பி

அந்த நாவல் என்னிடம் வந்து சேர்ந்தபோது சூப்பர் மார்க்கெட் விளம்பரத்தாளில் அதற்கு உறை போட்டிருந்தார்கள். மொன்றியலில் எங்கள் ஆட்களிடையே தமிழ்ப் புத்தகம் அநேகமாக ஒரே பிரதியாகத்தான் சுற்றும். எனக்கு முன் ஐந்து வீடுகளில் அதைப் படித்திருந்தார்கள். பக்க ஓரமெல்லாம் பென்சில் எழுத்து. 'இது எவடத்து ஆள்?', 'வடமராட்சியோ?', 'கண்ணாடி போட்டவர்தானே?' புதிதாக ஒருவரைக் கண்டால் ஊரில் எவடம், ஆருடைய பிள்ளை என்று விசாரித்து முடிக்கும்வரை எங்களுக்குச் சோறு இறங்காது. கதையில் வருகிறவர்களையும் அப்படியே விசாரித்து வைத்திருந்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே படித்தேன். ஏழாவது அத்தியாயத்தில் சிரிப்பு நின்றுவிட்டது.

எழுதியவரை நாங்கள் எல்லோரும் அக்கா என்றுதான் சொல்லுவோம். பல வருடங்கள் அகதி விசாரணைகளில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். எங்கள் ஆட்கள் தமிழில் சொல்வதை அதிகாரிக்கு பிரெஞ்சிலோ ஆங்கிலத்திலோ சொல்ல வேண்டும். அறைக்குள் கேட்டதை வெளியே மூச்சுவிடக் கூடாது. பதினைந்து வருடங்களுக்கு முன் என் தம்பியின் கேஸ் நடந்தபோதும் அவர்தான் பக்கத்தில் இருந்தார். வேலையை விட்டு ஓய்வு பெற்றபின் எழுதிய முதல் நாவல் இது. ஏழாவது அத்தியாயத்தில் ஒருவன் விசாரணை அறையில் உட்கார்ந்து, பக்கத்து வீட்டுக்காரனுக்கு நடந்ததைத் தனக்கு நடந்ததாகச் சொல்கிறான். என் தம்பியும் அதையேதான் செய்தான்.

அவனுக்கு ஒன்றும் நடக்கவில்லை என்று நினைத்துவிட வேண்டாம். நடந்ததை அவன் அம்மாவுக்கே சொல்லவில்லை. முன்பின் தெரியாத அதிகாரிக்கு எப்படிச் சொல்வான்? வாய் வராததால் அயலவனைப் பிடித்துக்கொண்டு போன கதையைத் தன்னுடையதாக்கிச் சொன்னான். இது எனக்கும் அவனுக்கும் மட்டுமே தெரியும். இப்போது அவனுக்குக் குடியுரிமை இருக்கிறது, ஆற்றுக்கு அப்பால் லொங்குய் நகரில் ஒரு வீடு இருக்கிறது, கார்டெரி என்ற குழந்தைகள் காப்பகத்துக்குப் போகும் இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். விசாரணையில் பொய் சொன்னான் என்று யாராவது கிளறினால் அவ்வளவும் என்னாகும்?

சந்தேகம் எனக்குக் கூடப்பிறந்தது. டெப்பனர் என்கிற தெருமுனைக் கடையில் பால் வாங்கினாலும் மூன்று தரம் திகதி பார்க்கிறவள் நான். அந்த அத்தியாயத்தை எத்தனை தரம் படித்திருப்பேன் என்று சொல்ல வேண்டியதில்லை. அக்கா கோயிலில் தம்பியைப் பார்த்துச் சிரித்தது, என்னிடம் நலம் விசாரித்தது எல்லாம் உளவு பார்த்ததாகத் தெரிந்தது. எனக்குத்தான் மண்டை பிழைத்துவிட்டதோ என்று பார்த்தால், அக்கா கிட்ட வந்ததும் வேறு பலரும் கதையை மாற்றி இடியப்ப மா எங்கே மலிவு என்று கேட்கத் தொடங்கினார்கள். எழுதுகிறவர்களின் சந்தேகம் வேறு மாதிரி. "இது எழுத்தே? விசாரணையிலை கேட்டதைக் கொப்பியடிச்சு வைச்சிருக்கிறா" என்றார் ஒரு கவிஞர். "ஆரோ எழுதிக் குடுத்திருக்கினம்" என்றார் சிறுகதை எழுதும் ஒருவர். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியாதே என்று இருவருக்கும் தோன்றவில்லை. நாவலின் கடைசிப் பக்கத்தில், ஏழாவது அத்தியாயத்தில் வந்தவனுடைய மிச்சக் கதை அடுத்த நாவலில் வரும் என்று அக்கா எழுதியிருந்தார். அதுதான் என்னை அவரிடம் துரத்தியது.

லொங்குய் மெட்ரோ நிலையத்தில், பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் உட்காரும் வாங்கில் ஒரு பின்னேரம் அவரைப் பிடித்தேன். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"அக்கா, என்ரை தம்பி அயலவன்ரை கதையைச் சொன்னது உங்களுக்கு எப்பிடித் தெரியும்? அதை எழுத உங்களுக்கு ஆர் உரிமை தந்தது?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் கோபமே இல்லை, பயந்த முகமாகத்தான் இருந்தது.

"உங்கட தம்பியோ? அந்தப் பிள்ளை சொன்னதை நான் அப்பிடியே நம்பினனான். அண்டைக்கு வீட்டை போய் எனக்குச் சாப்பிடவே ஏலாமல் போச்சு. இப்ப நீங்கள் சொல்லித்தான் தெரியும்."

"அப்ப அந்த ஏழாம் அத்தியாயம்?"

"நானாய் யோசிச்சது. அப்பிடி ஒருத்தன் வந்தா, அதை மொழிபெயர்க்கிற எனக்கு என்ன செய்யும் எண்டு யோசிச்சன். உங்களோடை எட்டுப் பேர் வந்து சண்டை பிடிச்சிட்டினம், தங்கச்சி. எட்டுப் பேரும் தங்கட வீட்டுக் கதையைத் தாங்களே சொல்லிப்போட்டுப் போட்டினம்."

பதினைந்து வருடம் பொத்திவைத்திருந்த ரகசியத்தை, அடுத்த நாவல் எழுதப்போகிறவரிடம் நானே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு நின்றேன். எழுத வேண்டாம் என்று கெஞ்சவும் ரோசம் விடவில்லை. அடுத்த இரண்டு வருடமும் தம்பியிடம் இதைச் சொல்லாமல், அவன் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் செத்துப் பிழைத்தேன்.

இரண்டாவது நாவல் வந்தபோது பிரதிகள் பறந்தன. ஒவ்வொரு வீட்டுக்கும் சொந்தப் பிரதி தேவைப்பட்டது. ஏன் என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. நான் டவுன்டவுன் வேலைக்குப் போகும் மெட்ரோவிலேயே படித்து முடித்தேன். அவனுடைய மிச்சக் கதை அதில் இல்லை. ஓய்வுபெற்ற கணவனும் மனைவியும் வீட்டின் பின்வளவில் தக்காளி நடுகிறார்கள், அணில் தின்றுவிடுகிறது, திரும்ப நடுகிறார்கள். விசாரணை அறை இல்லை, அதிகாரி இல்லை, அயலவன் இல்லை. நான் இறங்க வேண்டிய நிலையத்தையும் தாண்டிப் போய்விட்டேன்.

ஒரு மாதம் கழித்து, தேவாலயத்தின் கீழ்மாடி மண்டபத்தில் விமரிசனக் கூட்டம் வைத்தார்கள். பயம் நீங்கிய வாசகர்களுக்குத் துணிச்சல் வந்திருந்தது. "உப்புச் சப்பில்லை" என்றார்கள். "கொப்பியடிக்கக் குறிப்பு முடிஞ்சுது போலை" என்றார் கவிஞர், மண்டபம் சிரித்தது. அக்கா முன்வரிசையில் மடியில் கைகளை வைத்துக்கொண்டு இருந்தார். மூன்றாவது வரிசையில் தம்பி. அடுத்ததாக என்னைப் பேசச் சொன்னார்கள்.

எனக்குத் தெரியும். எட்டு வீட்டுக் கதை கையில் இருக்க, எந்த எழுத்தாளரும் விடாத விஷயம் கையில் இருக்க, அதை எங்களுக்காக ஒதுக்கிவைத்துவிட்டு அணிலைப் பற்றி எழுதியவர் அவர். எழுத வராததால் இப்படி எழுதியதல்ல என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம். சொன்னால், உனக்கு எப்படித் தெரியும் என்று ஒருவர் கேட்பார். தம்பியைப் பார்த்தேன்.

"முதல் நாவலில் இருந்த துணிவு இதில் இல்லை" என்றேன்.

கைதட்டினார்கள். யார் யார் உரக்கத் தட்டுகிறார்கள் என்று, மற்ற ஏழு பேரைத் தேடி என் கண் மண்டபத்தைச் சுற்றியது. அக்கா திரும்பி என்னைப் பார்த்து, "உண்மைதான், தங்கச்சி" என்றார்.

அதன்பின் அவர் எழுதவில்லை. இப்போதும் மஞ்சள் பாதை மெட்ரோவில் எப்போதாவது காண்கிறேன். கண்டால் பக்கத்தில் இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்து, "தம்பி சுகமோ?" என்று கேட்பார். இதை ஏன் கேட்கிறார் என்றுதான் எனக்கு முதலில் தோன்றுகிறது. வெட்கம் அதற்குப் பிறகுதான் வருகிறது.