கேட்டு வாங்கிய கசப்பு

சீனியம்மாள் புருஷனுக்கு மருந்து வைத்து வீட்டுக்குள் கட்டிப்போட்டாளாம்! சொல்லுகிற வாய்க்கு என்ன? வெள்ளைக்காரன் ஏலம் விட்ட சாராயக்கடையே கதியென்று கிடந்த காசிமாயன், தானாகத்தான் கருப்பசாமி முன்னால் காப்புக் கட்டிக்கொண்டான். ஒரு மண்டலம் வாசல் தாண்டுவதில்லை என்று சத்தியமும் செய்தான். விடிந்ததும் விளக்கேற்றி, அவள் நிலவேம்புக் கசாயம் நீட்டுவாள். முதல் வாரம் கை நடுங்கிப் பாதியைச் சிந்தினான். மறுபடி கேட்டு வாங்கிக் குடித்தான். அந்த வீட்டுக் கதவுக்குத் தாழ்ப்பாள்கூடக் கிடையாது.

நாற்பத்தெட்டாம் நாள் காப்பை அவிழ்த்துவிட்டு, கொடிக்காலில் வெற்றிலை கிள்ளக் கிளம்பினான். வழியில்தான் சாராயக்கடை. சீனியம்மாளும் முந்தானையைச் செருகிக்கொண்டாள்.

"நீ எங்கடி வார?"

"சும்மா, கூட."

"காவலுக்கு வந்தீன்னா, நீ கட்டிப்போட்டது நெசம்னு ஆயிரும். நான் போயிட்டு வாரேன்."

வெளியே வைத்த காலை அவள் உள்ளே இழுத்துக்கொண்டாள். அவன் தெருவில் இறங்கி நடந்தான்.