மாப்பிள்ளையின் விளையாட்டில் என் கோயில்

எங்கள் மாப்பிள்ளை கம்ப்யூட்டர் விளையாட்டு செய்கிறவர். விளையாடுகிறவர் இல்லை, செய்கிறவர். இந்த வித்தியாசத்தைச் சொந்தக்காரர்களுக்கு விளக்கி விளக்கியே எனக்கு ஒரு வருஷம் போய்விட்டது. பெங்களூரில் நல்ல வேலையில் இருந்தவர், கூட வேலை பார்த்த நண்பரோடு சேர்ந்து சொந்தமாக ஒன்று செய்யப்போகிறேன் என்று வேலையை விட்டுவிட்டார். என் மகளுக்கு வீட்டிலிருந்தே பார்க்கிற உத்தியோகம். அதனால் இரண்டு பேரும் பாபநாசத்துக்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் வீட்டுக்கே வந்து மாடி அறையில் தங்கினார்கள். நண்பர் பெங்களூரிலேயே இருந்துகொண்டு போனில் பேசுவார்.

ஒரு கல்யாணப் பந்தியில் என் ஓரகத்தி, "என்ன, வீட்டோட மாப்பிள்ளையா?" என்று எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி கேட்டாள்.

"ஆமா. உன் மாப்பிள்ளை தீபாவளிக்குத் தீபாவளி வர்றாரு, என் மாப்பிள்ளை தினமும் வர்றாரு" என்றேன். அப்புறம் அவள் பாயசத்தில் கவனமாகிவிட்டாள்.

விளையாட்டு ராஜா காலத்துக் கதை. ஒரு ஆறு, இரண்டு கரையிலும் வயல். சின்ன ஊரில் ஆரம்பித்து, வாய்க்கால் வெட்டி, நெல் போட்டு, களஞ்சியம் கட்டி, படை சேர்த்துப் பக்கத்து ராஜாவோடு மோதவேண்டும். அதை முழுசாக முடிப்பதற்கு முன்பே இன்டர்நெட் கடையில் விற்பனைக்கு வைத்துவிட்டார்கள். குழம்பு கொதிக்கும்போதே இலையைப் போட்டு, "உப்பு பார்த்துச் சொல்லுங்க" என்று கேட்கிற மாதிரி இருந்தது எனக்கு. இந்தத் தொழிலில் அப்படித்தானாம். வாங்கியவர்கள் விளையாடிக் குறை சொல்வார்கள், இவர்கள் திருத்திக்கொண்டே போவார்கள். பிடித்தவர்கள் கட்டைவிரலை மேலே காட்டுவார்கள், பிடிக்காதவர்கள் கீழே.

நான் பத்தாவதோடு நின்றவள். காலையில் சிவன் கோயிலுக்குப் போய்விட்டு வந்துதான் அடுப்பைப் பற்றவைப்பேன். காய்ச்சல் நாள் தவிர அதில் மாற்றம் கிடையாது. அதனால்தானோ என்னவோ, ஒருநாள் மதியம் சாப்பிடும்போது மாப்பிள்ளை என்னிடம் கேட்டார், ஒரு ஊரில் கோயில் கட்டினால் ஊருக்கு என்ன கிடைக்கும் என்று.

இது கேட்கிற கேள்வியா? மழை தவறாது என்றேன். ஜனங்கள் ஊரைவிட்டுப் போகமாட்டார்கள். நோய்நொடி அண்டாது. திருடனுக்குப் பயம் வரும். படையெடுத்து வருகிற ராஜாகூட கோபுரத்தைப் பார்த்தால் ஒரு நிமிஷம் நின்று கும்பிடுவான். பேசப் பேச எனக்கே உற்சாகமாகிவிட்டது. மாப்பிள்ளை இடது கையால் போனில் குறித்துக்கொண்டார். மறுநாள் சாப்பாட்டில் குளத்தைப் பற்றிச் சொன்னேன். அதற்கு மறுநாள் கும்பாபிஷேகம். அப்படியே ஒரு வாரம் ஓடியது. கோயிலைப் பற்றிக் கேட்க ஒரு ஆள் கிடைத்த சந்தோஷம் எனக்கு. எங்கள் வீட்டுக்காரர் இவரிடம் சொன்னால் "ம்" என்பதோடு சரி.

தை அறுவடை முடிந்த சமயம். மாடியில் மகளும் மாப்பிள்ளையும் கசமுசாவென்று பேசிக்கொள்வது கேட்க ஆரம்பித்தது. மேலே இருக்கும்போது என் மகள் அவரை வா போ என்றுதான் பேசுவாள். படி இறங்கும்போதே "வாங்க, சாப்பிடுங்க" ஆகிவிடும். எனக்குத் தெரியாது என்று நினைப்பு.

ஒருநாள் துணி காயப்போட மாடிக்குப் போனவள், கம்ப்யூட்டரில் என்ன எழுதியிருக்கிறது என்று மகளைக் கேட்டேன். யாரோ வெளிநாட்டுக்காரர் எழுதியதாம். அவள் படித்துத் தமிழில் சொன்னாள். "நான் கோயில் மட்டும்தான் கட்டினேன். வயலில் யாரும் இறங்கவில்லை, களஞ்சியம் நிறைந்துவிட்டது. எதிரிப் படை ஊர் எல்லை வரை வந்து கும்பிட்டுவிட்டுத் திரும்பிப் போனது. மூன்று தடவை விளையாடினேன், மூன்று தடவையும் இப்படியே ஜெயித்தேன்."

எனக்கு உடம்பு சிலிர்த்தது. கடல் கடந்து ஒருத்தருக்கு இப்படித் தோன்றியிருக்கிறதே என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

"அம்மா, அவரு கட்டைவிரலைக் கீழ காட்டியிருக்காரு" என்றாள் மகள்.

"ஏன்?"

"சலிச்சுப்போச்சாம்."

சாமி காப்பாற்றினால் சலிப்பா என்று நான் கேட்டேன். நாற்காலியை என் பக்கம் திருப்பிப்போட்டு உட்கார்ந்துகொண்டு, விஷயத்தை ஒவ்வொன்றாகச் சொன்னாள். நான் சாப்பாட்டு நேரத்தில் சொன்னதையெல்லாம் மாப்பிள்ளை ஒன்று விடாமல் விளையாட்டில் போட்டுவிட்டார். மழைக்கு இத்தனை, நோய்க்கு இத்தனை, எதிரிக்கு இத்தனை என்று. இப்போது கோயிலுக்கு முன்னால் படையும் நிற்கவில்லை, பயிரும் நிற்கவில்லை. விளையாடுகிறவர்கள் வேறு எதையுமே தொடுவதில்லை. கீழே காட்டுகிற விரல்கள் நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போகின்றன. பெங்களூர் நண்பர் பொறுமை இழந்துவிட்டார். பங்குனி உத்திரத்துக்குள் இது சரியாகவில்லை என்றால் கடையை மூடிவிட்டு ஆளுக்கொரு ஆபீஸில் சேர்ந்துவிடலாம் என்கிறார். மாப்பிள்ளைக்குப் புனாவில் ஒரு வேலை தயாராக இருக்கிறது. இவளும் கூடப் போகவேண்டியதுதான்.

"அப்ப கோயில் பலத்தைக் குறைக்க வேண்டியதுதானே?"

"குறைச்சு எழுதி பத்து நாளாச்சு. வெளியிட மாட்டேங்கிறாரு. அத்தை மனசு கஷ்டப்படுமாம். உனக்கு அவர் எதுக்குத்தான் இல்லைன்னு சொல்லியிருக்காரு?"

யோசித்துப் பார்த்தேன். எதற்குமே சொன்னதில்லை. பெற்ற மகளே மூன்றாவது கரண்டி சாதத்துக்குக் கையை மறைப்பாள். இந்த மனிதர் மறைத்ததில்லை. மரியாதை என்று நான் பூரித்துக்கொண்டிருந்தது அவருடைய ஒரு வருஷ உழைப்பைத் தின்றுகொண்டிருக்கிறது.

ஆனாலும் சொல்லத்தான் வேண்டும், எனக்கு மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. கோயிலுக்குப் பலம் அதிகம் என்று உலகமே சொல்கிறது, அதை நம் வீட்டு மாடியிலிருந்து குறைப்பதா? இரண்டு நாள் காலையில் கோயிலில் நின்றாலும் அதே யோசனைதான். மூன்றாம் நாள், நானே விளையாடிப் பார்க்கிறேன் என்று மாடி ஏறினேன்.

மாப்பிள்ளை பதறி எழுந்து நாற்காலியைக் கொடுத்தார். மௌஸைப் பிடிக்கவே எனக்கு அரைமணி நேரம் ஆனது. அம்புக்குறி ஒரு பக்கம் போகிறது, நான் ஒரு பக்கம் போகிறேன். ஒருவழியாக முதல் கோயில் கட்டினேன். பிள்ளையார் என்று மனசில் நினைத்துக்கொண்டேன். மழை பெய்தது. இரண்டாவது கட்டினேன், நெல் குவிந்தது. எதிரி வந்தான், கும்பிட்டான், போனான். மதியத்துக்குள் பதினோரு கோயில் கட்டிவிட்டேன். அதற்குள் எனக்குக் கொட்டாவி வந்துவிட்டது. ஒன்று நடக்குமா நடக்காதா என்ற பதைப்பே இல்லை. பதைப்பு இல்லாவிட்டால் நான் எதற்குத் தினமும் காலையில் ஓடிப்போய் அந்தச் சிவன் முன்னால் நிற்கிறேன்?

இன்னொன்றும் கண்ணில் பட்டது. பதினோரு கோயிலில் ஒன்றிலும் விளக்கு இல்லை. யாரும் உள்ளே போகவில்லை, வெளியே வரவில்லை. ஜனங்கள் பாட்டுக்குத் தெருவில் போய்க்கொண்டிருந்தார்கள்.

"குறைங்க மாப்பிள்ளை" என்றேன்.

அவர் முகம் தெளிந்துவிடும் என்று நினைத்தேன். தெளியவில்லை. பாதியாகக் குறைத்தால் விளையாடுகிறவர்கள் இரண்டு மடங்கு கோயில் கட்டுவார்கள், அத்தை, என்றார். கால்வாசியாகக் குறைத்தால் ஒருத்தரும் கட்டமாட்டார்கள். பத்து நாளாக எழுதி வைத்திருந்ததை வெளியிடாததற்கு நான் மட்டும் காரணம் இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. எந்த அளவில் நிறுத்துவது என்று அவருக்கே பிடிபடவில்லை.

அந்த வாரமே எங்கள் வீட்டுக்காரர் பங்குனித் திருவிழாக் கூட்டத்துக்குப் போய்விட்டு எரிச்சலோடு வந்தார். எங்கள் சிவன் கோயிலில் ஐந்தாம் நாள் மண்டகப்படி எங்கள் தெருவுடையது. அன்றைக்குச் சாமிக்கு அலங்காரம், நைவேத்தியம், வீதியுலா எல்லாம் எங்கள் பொறுப்பு. அதற்கே ஆள் போதவில்லை. பிள்ளைகள் பாதிப்பேர் சிங்கப்பூரிலும் துபாயிலும் இருக்கிறார்கள். சாமி தூக்கப் பக்கத்துத் தெருவிலிருந்து தோள் கேட்கவேண்டியிருக்கிறது. இதில், மனை போட்ட புது நகரில் கட்டியிருக்கிற பிள்ளையார் கோயிலுக்கும் ஒரு மண்டகப்படி எடுத்துக்கொள்ளுங்கள் என்று அங்கிருந்து வந்து கேட்டார்களாம்.

சோற்றைப் பிசைந்துகொண்டே இவர் சொன்னார், "கட்டும்போது அத்தனை பேரு வந்தாங்க. இப்ப சாயங்காலம் அந்த வழியா வந்தேன், கோயில் இருட்டாக் கிடக்கு. பார்க்கவே ஒரு மாதிரி இருக்கு. ஒரு தெரு எத்தனை சாமியைத்தான் தூக்கும்?"

இவருக்கு அது வெறும் புலம்பல். அடுத்த வாய்க்கு மோர் கேட்டார். எதிரே உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை மட்டும் சாப்பிடாமல் இவரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு தெருவுக்கு ஒரு கோயில்தான் முடியுமா மாமா என்று கேட்டார். இரண்டு செய்தால் என்ன ஆகும் என்றார். அன்றைக்கு எல்லோரும் அங்கே நின்றால் வயலுக்கு யார் போவார்கள் என்றார். மாப்பிள்ளை ஏதோ அக்கறையாகக் கேட்கிறார் என்று நினைத்து இவர் எல்லாவற்றுக்கும் விஸ்தாரமாகப் பதில் சொன்னார். மாப்பிள்ளை கையைக் கழுவிவிட்டு ஓடியே மாடி ஏறினார்.

விளையாட்டில் மண்டகப்படி வந்தது இப்படித்தான். இனிமேல் கட்டினால் மட்டும் ஒன்றும் கிடைக்காது. ஒவ்வொரு கோயிலையும் ஒரு தெரு ஏற்றுக்கொள்ள வேண்டும். மண்டகப்படி அன்று அந்தத் தெருவில் யாரும் வயலுக்குப் போகமாட்டார்கள். தெரு கிடைக்காத கோயில் இருட்டாகிவிடும். இருட்டான கோயிலைப் பார்த்துப் பார்த்து ஜனங்களுக்கு மனசு கெட்டு, மூட்டை கட்டிக்கொண்டு பக்கத்து ராஜா ஊருக்குப் போய்விடுவார்கள். எதிரி கும்பிடுவான்தான், ஆனால் விளக்கு எரிந்தால் மட்டும்.

முதல் தடவை அது அதிகமாகிவிட்டது. நண்பர் பெங்களூரில் விளையாடிப் பார்த்தபோது நடவு நேரத்தில் மண்டகப்படி வந்து, எல்லாத் தெருவும் சாமி தூக்கப் போய், நாற்று முற்றி, ஊரே பட்டினி கிடந்ததாம். போனில் அவர் சிரித்தது கீழே சமையலறைக்குக் கேட்டது. அவர் சிரித்தே நான் கேட்டு இரண்டு மாதம் ஆகியிருந்தது. அப்புறம் ஒரு வாரம் மண்டகப்படி நாட்களைக் கூட்டுவதும் குறைப்பதுமாக இருந்தார்கள்.

பங்குனி உத்திரத்துக்குப் பத்து நாள் முன்னால் புதுசை வெளியிட்டார்கள். ராகு காலம் கழியட்டும் என்று மட்டும் சொன்னேன், கேட்டுக்கொண்டார். அன்று சாயங்காலம் கோயிலுக்குப் போனேன். தினமும் வாய் ஓயாமல் வேண்டுகிறவளுக்கு அன்றைக்கு எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. குருக்கள் கற்பூரத்தைக் காட்டிவிட்டு நகர்ந்த பிறகு மெதுவாகச் சொன்னேன்.

"ஈஸ்வரா, உன் கோயில் பலத்தைக் கொஞ்சம் குறைச்சிருக்கோம். தப்பா எடுத்துக்காதே. அந்தப் பிள்ளை ஜெயிக்கணும்."

வீட்டுக்கு வந்தால் மகள் முகத்தைப் பார்க்கப் பயம். முதல் நாள் இரண்டு விரல்தான் மேலே திரும்பியது. மாப்பிள்ளை புனாக்காரர்களுக்கு வருகிறேன் என்று பதில் எழுதி, அனுப்பாமல் வைத்திருந்தார். இரண்டாம் நாள் கொஞ்சம் கூடியது. மூன்றாம் நாள் காலையில் மகள் படியில் நின்றுகொண்டு கத்தியதில் மாட்டுக்கொட்டகையிலிருந்து இவர் ஓடிவந்தார். மேலே காட்டியவர்கள் கீழே காட்டியவர்களைத் தாண்டிவிட்டார்கள். சலித்துப்போச்சு என்று எழுதிய அந்த வெளிநாட்டுக்காரரே மறுபடி வந்து விளையாடியிருக்கிறார். ஆசையில் ஏழு கோயில் கட்டினாராம், மூன்றுக்குத்தான் தெரு கிடைத்ததாம், ஊர் பாதி காலியாகிவிட்டதாம், தோற்றுப்போனாராம். விரலை மேலே காட்டியிருந்தார். தோற்றவர் எதற்கு மேலே காட்டுகிறார் என்று இவர் கேட்டார். இப்போதுதான் அதில் பதைப்பு இருக்கிறதே என்றேன்.

நண்பர் போன் பண்ணினார். மூடுவதைப் பற்றிப் பேச்சில்லை. அடுத்த குறையைப் பற்றித்தான் பேசினார்கள். யானைப்படைதான் இப்போது ரொம்ப வலுவாக இருக்கிறதாம், ஆறு யானை இருந்தால் யாரையும் மிதித்துவிடலாம் என்று புகார் வந்துகொண்டிருக்கிறது.

மாப்பிள்ளைக்குக் காபி கொண்டுபோய்க் கொடுத்தவள், வாய் சும்மா இருக்கவில்லை. யானை என்றால் சாமி அம்சம், அதைச் சண்டைக்குக் கொண்டுபோவதே பாவம், கோயில் வாசலில் நிறுத்தி ஆசீர்வாதம் பண்ணவிட்டால் என்ன என்று ஆரம்பித்தேன்.

மாப்பிள்ளை டம்ளரைக் கீழே வைத்தார். காது சிவந்துவிட்டது.

"வேண்டாம் அத்தை. யானையை நான் பார்த்துக்கறேன்."

எனக்குச் சுருக்கென்றது. இல்லை என்று சொன்னால் பொய். மகள் கம்ப்யூட்டரைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டாள், தோள் மட்டும் குலுங்கியது. மாப்பிள்ளை என்ன வருமோ என்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரிங்க மாப்பிள்ளை" என்றேன். டம்ளரை எடுத்துக்கொண்டு கீழே வந்து இவரிடம் சொன்னேன், மாப்பிள்ளை புனாவுக்குப் போகவில்லை, ஐந்தாம் நாள் சாமி தூக்க நம் தெருவுக்கு ஒரு தோள் கிடைத்திருக்கிறது என்று. அவரைக் கேட்டாயா என்றார் இவர். கேட்கத்தான் போகிறேன், முடியாது என்று சொன்னால் சரி என்றும் சொல்லிவிடுவேன் என்றேன்.