மாடியில்லாத வீட்டில் மாடிப்படி

எங்கள் ஆம்புலன்ஸ் ஓட்டுநருக்குச் 'சைரன் அக்கா' என்று பெயர் வைத்தது நான்தான். ஆஸ்பத்திரியின் முன்வாசலில் அவள் தும்மினால் பின்வாசலில் தூங்குகிறவன் எழுந்து உட்காருவான். வண்டியில் பின்பக்கம் உட்காரும் நர்ஸ் நான். அவளோடு சண்டை போடாத நாள் கிடையாது. அவள் லீவு போட்டால் எனக்குச் சோறு இறங்காது.

அந்தக் காலத்தில் எங்களுக்கு வந்த போன்களில் பாதி பொய். "மாடிப்படில உருண்டுட்டாரு, சீக்கிரம் வாங்க" என்பார்கள். கட்டுத்துணியும் பலகையுமாய் நாங்கள் ஓடிப்போய் நின்றால், அந்த வீட்டுக்கு மாடியே இருக்காது. தரையில் ஒருவன் உதடு நீலம் பாரித்துக் கிடப்பான். கூட இருந்தவர்கள் போன இடம் தெரியாது. சின்னப் பொட்டலம் ஒன்று சட்டைப்பையில் இருந்தாலே சிறை என்பது அன்றைய சட்டம். போதை மருந்து என்று போனில் சொல்லிவிட்டால் எங்கள் வண்டிக்குப் பின்னாலேயே போலீஸ் ஜீப்பும் வரும். கூட்டாளியின் உயிரா, தனக்குச் சிறையா என்று வந்தால் மனுஷன் தலைதெறிக்க ஓடத்தான் செய்வான்.

அக்கா இதற்கென்று ஒரு முறை வைத்திருந்தாள். எங்கள் சீருடை தூரத்திலிருந்து பார்த்தால் போலீஸ் மாதிரி இருக்கும். அதை மறைக்க, வெயில் கொளுத்தினாலும் மேலே ஒரு மஞ்சள் ஸ்வெட்டர் போட்டுக்கொள்வாள். தெருமுனையிலேயே சைரனை அணைத்துவிடுவாள். போனில் எந்தக் கதை சொல்லியிருந்தாலும், மூச்சைத் திருப்பிக் கொண்டுவர மூக்கில் அடிக்கும் மருந்து அவள் ஸ்வெட்டர் பையில் தயாராக இருக்கும்.

எல்லாம் அவள் தம்பியால் வந்தது. அவன் நல்ல மெக்கானிக். முதுகு வலிக்கு மாத்திரை போட ஆரம்பித்து, மாத்திரையிலிருந்து பொட்டலத்துக்குப் போனான். பிடிபட்டுச் சிறைக்குப் போனான். திருந்துவதற்கு அங்கே யாரும் வழி சொல்லவில்லை, பொட்டலம் கிடைக்கும் வழிகளைத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். வெளியே வந்ததும் எந்தப் பட்டறையிலும் சேர்க்கவில்லை. அக்கா வீட்டுப் பக்கமும் வருவதில்லை, முகத்தைக் காட்ட வெட்கம். அவன் சுற்றித் திரியும் பேருந்து நிலையத்துப் பின்தெருவிலிருந்து போன் வந்தால் அக்கா முதலில் கேட்பது வயதைத்தான். பதிலைக் கேட்ட பிறகுதான் சாவியை எடுப்பாள். என்றாவது ஒருநாள் அவன் இப்படித் தனியாகக் கிடப்பான், கூட இருப்பவன் ஓடிவிடுவான் என்ற பயம் அவளைத் தின்றுகொண்டிருந்தது.

பிறகு சட்டம் மாறியது. விற்கிறவனுக்குச் சிறை அப்படியே இருந்தது. தன் உபயோகத்துக்குக் கொஞ்சம் வைத்திருப்பவனைப் பிடித்தால் பொட்டலத்தைப் பறித்துக்கொண்டு, போதையை விட உதவும் ஆலோசகரிடம் அனுப்புவார்கள், வழக்குக் கிடையாது. எங்கள் வாயில்காவலருக்கு இது அறவே பிடிக்கவில்லை.

"அடியாத மாடு படியாதும்மா. இனிமே ஊரே கெட்டுக் குட்டிச்சுவராப் போகும்."

"அடிச்ச அடியில மாடே செத்துப்போச்சுண்ணே. இனிமே யாரைப் படிய வைப்பீங்க?" என்றாள் அக்கா. அவர் விசிலை எடுத்துக்கொண்டு கேட்டுப் பக்கம் போய்விட்டார்.

சட்டம் மாறினாலும் ஜனங்களின் வாய் மாறவில்லை. மாடிப்படிப் பொய்கள் வந்துகொண்டே இருந்தன. அக்காவும் யாரையும் நம்புவதாக இல்லை. நிஜமாகவே ஏணியிலிருந்து விழுந்த பெயின்டர் ஒருவரின் மூக்கில் மருந்தை அடிக்கப் போய்விட்டாள். "அடி கால்லம்மா! மூக்கை விடு!" என்று அந்த மனிதர் அலறியதில் தெருவே கூடிவிட்டது. நான் சிரித்த சிரிப்புக்கு அக்கா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அதற்குக் கொஞ்ச நாளில், ஒரு மத்தியான வேளையில், பின்தெருவிலிருந்து போன் வந்தது. எடுத்தது நான்.

"பொட்டலம் எடுத்தான், மூச்சு விடல. முழு பேரையும் சொல்லிக் கூப்பிட்டுப் பாத்துட்டேன், அசையல. நான் இங்கயேதான் இருக்கேன். வாங்க."

யாரும் அதுவரை இப்படி உடைத்துச் சொன்னதில்லை. சொன்னதை அப்படியே அக்காவிடம் சொன்னேன். வயதைக் கேட்க அவள் காத்திருக்கவில்லை.

தெருமுனையில் ஒருவன் சட்டையைக் கழற்றி வீசிக் காட்டிக்கொண்டிருந்தான். எலும்பும் தோலுமாக இருந்தான். அக்காவின் கால் பிரேக்கில் அழுந்திய விதத்திலேயே அவன் யாரென்று எனக்குப் புரிந்துவிட்டது.

"பேச்சு அப்புறம். ஆள் எங்கடா?" என்று மட்டும் கேட்டாள்.

ஓர் அறைக்குள் கிடந்தவனின் தலையைச் சாய்த்து அக்கா மூக்கில் மருந்தை அடிக்க, நான் மூச்சுக் கொடுத்தேன். போலீஸ்காரர் ஒருவர் வந்து வாசலில் நின்றார். தம்பியின் கண் ஒருமுறை பின்கதவுக்குப் போனது. போகட்டும், கண்தானே. காலை அவன் நகர்த்தவில்லை.

"போன் பண்ணது யாரு?"

"நான்தான் சார். நானும் எடுத்திருக்கேன்."

போலீஸ்காரர் மீதிப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டார். ஆலோசகரின் முகவரி எழுதிய அட்டையைத் தம்பி கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். கிடந்தவன் இருமிக்கொண்டு கண்ணைத் திறந்தான். என்னைப் பார்த்து, எதற்கு எழுப்பினாய் என்று கெட்ட வார்த்தையில் கேட்டான். திட்டு வாங்கி இவ்வளவு சந்தோஷப்பட்டது என் வாழ்நாளில் அதுதான் முதல் முறை.

அவனைப் பிடித்துக்கொள்ளத் தம்பியையும் வண்டியில் ஏற்றினோம். அக்கா கண்ணாடியில் அவனைப் பார்த்துக்கொண்டே ஓட்டினாள்.

"பழைய சட்டமா இருந்தா நின்னிருப்பியாடா?"

"மாட்டேன்க்கா" என்றான். "முன்னாடி ஒருத்தனை விட்டுட்டு ஓடியிருக்கேன்."

அக்காவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அந்தக் குரலுக்கு அழத் தெரியும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். ஸ்வெட்டர் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நாளைக்கு அந்த ஆலோசகர்கிட்ட நானே உன்னைக் கூட்டிட்டுப் போறேன்."

"நான் போய்க்கறேன்க்கா" என்றான் தம்பி. "நீ ரோட்டைப் பாத்து ஓட்டு."